இரண்டு யார் வெள்ளைத் துணி

4 மார்ச் 2025, செவ்வாய்

நான் சமைக்கிற கார்டரியில், பிள்ளைகள் காப்பகத்துக் குசினியில், இன்றைக்கு அறுபது பிள்ளைகளுக்குப் பருப்புச் சூப். கிழங்குத் தோல் சீவுகிற மெசின் பழுதாகிவிட்டது. கையால் சீவிச் சீவி விரல் நுனியெல்லாம் வெடித்துப்போய் நிற்கிற நேரம் பார்த்து நீக்கிலாஸ் அண்ணை போன் எடுக்கிறார்.

பெரியப்பாவின் மகன்தான். ஆனாலும் பதினாறு வருடமாக அவரோடு தேவைக்கு மட்டும்தான் கதை. தேவை என்றால் ஊசி, நூல், அளவு. அந்தோனியார் திருநாளுக்கு ஒவ்வொரு வருடமும் பங்கில் நாடகம் போடுகிறவர் அவர், உடுப்புத் தைக்கிறவள் நான். அதுவும் ஃபாதருக்காக.

இந்த முறை ஏரோதும் இல்லை, யோசேவாஸ் அடிகளாரும் இல்லையாம். டச்சுக்காரர் கொழும்புக் கோட்டையை ஒப்பந்தம் எழுதி ஆங்கிலேயரிடம் கையளித்த கதையாம். போன கோடையில் ஷாம்ப்லிக் கோட்டைக்குப் பிக்னிக் போன இடத்தில் யாரோ அவருக்கு ஒரு புதினம் சொல்லியிருக்கிறார்கள்: இலங்கையில் டச்சுக்காரரிடம் சம்பளத்துக்கு நின்ற சுவிஸ் பட்டாளம் ஒன்று ஆங்கிலேயர் பக்கம் மாறி, பிறகு கப்பலேறி இந்தக் கியூபெக் வரைக்கும் வந்ததாம். அன்றையிலிருந்து மனுசனுக்கு அதே விசர்.

சிவப்புச் சட்டை எட்டு, நீலச் சட்டை ஆறு. சரி என்றேன். வைக்கப்போகிற நேரம் சொல்கிறார், "பிள்ளை, ஒரு வெள்ளைக்கொடியும் வேணும். ரெண்டு யார் துணி காணும்."

போனை வைத்துவிட்டேன். சூப் அடிப்பிடித்துவிட்டது.

5 மார்ச், சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு பஸ்ஸில் வந்தேன். தவக்காலம் தொடங்கிய முதல் நாளே மனதுக்குள் ஒரு மனுசனைத் திட்டிக்கொண்டு.

9 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் வாசிப்பு. அண்ணைதான் டச்சுக் கவர்னர். மைக்கல் ஆங்கிலக் கேணல். துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓடுகிறவன், வசனத்தையும் ஹோர்ன் அடிக்கிறமாதிரித்தான் சொல்லுவான். என் மகள் சஜிதா ஒப்பந்தம் எழுதுகிற கணக்கப்பிள்ளை. தமிழை இலத்தீன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடமாக்குகிறாள்.

மூன்றாம் காட்சியில் ஆலோசனைச் சபை முழுவதும் சேர்ந்து 'கையளிப்போம்' என்கிறது. கவர்னர் பேனையை எடுக்கிறார். "கையெழுத்து என்னுடையது. பழியும் என்னுடையது. நீங்கள் வீட்டுக்குப் போங்கள்." அந்த இடத்தில், வாசிப்புக் கேட்க வந்திருந்த யோகராணி அக்கா கண்ணைத் துடைத்தா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பழியைப் பற்றி இந்த மனுசன் வசனம் எழுதுகிறார்!

எழுதிவிடுகிறேன், ஒருநாளும் எழுதவில்லை. 2009 மே 17, அதுவும் ஞாயிறு. பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம், அண்ணை எங்களைக் காரில் ஏற்றிப்போக வந்து நின்றார். அப்போது றெக்ஸ் எடுத்தான். என் ஒரே தம்பி, இருபத்தேழு வயது. சண்டையின் கடைசித் துண்டு நிலத்தில் அம்மாவோடு நின்றவன். யாருடையதோ சற்றலைட் போன். இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் வந்து பதியச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள், போகிறதோ விடுகிறதோ என்று கேட்டான். அண்ணை போனை வாங்கிக் கதைத்தார். பிறகு லைன் அறுந்தது.

தம்பி அம்மாவோடு நடந்துபோய்ப் பெயர் கொடுத்தான். அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள், அம்மாவை வேறு பஸ்ஸில். அம்மாவின் பஸ் முகாமுக்குப் போனது. மற்ற பஸ் எங்கே போனது என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

போகச் சொன்னது நீக்கிலாஸ் அண்ணை என்று குடும்பம் முழுக்கத் தெரியும். அவரே அம்மாவிடம் ஒத்துக்கொண்டவர். அம்மா இங்கே வந்து எட்டு வருடம் என்னோடு இருந்தா. கண் மூடும்வரை அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. செத்த வீட்டிலும் அவர் கடைசி வாங்கில்தான் இருந்தார்.

அந்த ஆள் சரணடைகிற நாடகம் போடுகிறார். அதுக்கு நான் கொடி தைக்கவேணும்.

16 மார்ச், ஞாயிறு

சஜிதா ஒரு படிவம் கொண்டுவந்தாள். காணாமற்போனவர்களைத் தேடுகிற அமைப்பு ஒன்றுக்கு அனுப்புவதாம். இவ்வளவு காலம் ஏன் அனுப்பவில்லை என்று கேட்டாள். வேலை, அம்மாவின் நோய் வருத்தம் என்று ஏதோ சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய் பிரெஞ்சு வந்துவிடும், வந்தது.

பெயர், பிறந்த திகதி, அங்க அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு, சைக்கிளால் விழுந்தது. எல்லாம் எழுதினேன். பதினான்காவது கேள்வி: கடைசியாக அவரோடு கதைத்தவர் யார்? என்ன கதைத்தார்?

நீக்கிலாப்பிள்ளை என்று அண்ணையின் முழுப் பெயரை எழுதினேன். அழுத்தின அழுத்தில் கடதாசி கிழிந்துவிட்டது. புதிதாக ஒன்று எடுத்துத் தருகிறேன் என்றாள் சஜிதா. இப்போதைக்கு மேசை லாச்சிக்குள் கிடக்கட்டும் என்றேன்.

29 மார்ச், சனி

இன்றைக்கு நல்ல கூத்து. ஒத்திகைக்கு எல்லாரும் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், அண்ணை வந்து கொடி எங்கே என்கிறார். தைக்கமாட்டேன் என்றேன். இருபது பேருக்கு முன்னால்.

"கொடி இல்லாமல் எப்பிடிப் பிள்ளை சரணடையிறது?"

"உங்களுக்குத்தானே தெரியும், எப்பிடிச் சரணடைய வைக்கிறதெண்டு."

அவர் மடக்குக் கதிரை ஒன்றை விரித்து அதில் இருந்தார். எனக்கு இன்னும் ஏறியது. என் சட்டைகளைக் கழற்றித் தாருங்கள் என்றேன். ஒவ்வொருத்தராகக் கழற்றினார்கள். மைக்கல் அவசரத்தில் இழுத்து உள்துணியைக் கிழித்துவிட்டான். பதினான்கு சட்டையையும் கறுப்புக் குப்பைப் பைகளில் போட்டுக் கட்டினேன். எனக்குக் கார் இல்லை. கடைசியில் ஆங்கிலக் கேணல்தான் என்னையும் பைகளையும் வில்லரேயில் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

30 மார்ச், ஞாயிறு

ஃபாதர் போன் எடுத்தார். மன்னிப்பைப் பற்றிப் பத்து நிமிடம். அடுப்பில் சட்டி இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

சஜிதா கொழும்பு ஒப்பந்தத்தை எங்கேயோ தேடி எடுத்திருக்கிறாள், 1796 மாசி மாதத்தில் எழுதினது. சாப்பாட்டு மேசையில் இருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். பட்டாளம் மேளம் அடித்துக்கொண்டு, கொடி பிடித்துக்கொண்டு மரியாதையாக வெளியே வரலாம். அதிகாரிகள் வாளை வைத்திருக்கலாம். சொந்தச் சொத்தில் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. சிங்கள, சோனகப் படையாட்கள் தங்கள் வீட்டுக்குப் போகலாம். மலாய்ப் படையாட்களைத் தூத்துக்குடிக்கு அனுப்பவேண்டும், மனைவி பிள்ளைகளோடு.

அந்த இடத்தில் நிற்பாட்டச் சொன்னேன்.

மனைவி பிள்ளைகளோடு. கூலிக்கு நிண்டவனுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறாங்கள்! பிரிக்கக்கூடாது எண்டு. தோத்தவன் கேட்டிருக்கிறான், வெண்டவன் ஓம் எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறான். என்ர தம்பிக்கு என்ன கடதாசி இருந்தது? ஒருத்தன் ஒலிபெருக்கியில கத்தினான், அதுதான் ஒப்பந்தம். கடையில வெங்காயம் வாங்கினாலும் ஒரு பில் துண்டு தாறாங்கள். ஒரு ஆளைக் குடுத்ததுக்கு அம்மாட்டை ஒரு துண்டு இல்லை.

கோப்பையைக் கழுவுகிறபோது ஒன்று உடைந்தது. சஜிதா கூட்டி அள்ளினாள்.

கழுவி முடிக்கும்போது யோசித்தேன். சரி, எழுத்தில்தான் மரியாதை என்றால் நானும் எழுதுகிறேன்.

13 ஏப்ரல், குருத்து ஞாயிறு

கார்டரிச் சாப்பாட்டு அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதினேன்.

ஒன்று. வெள்ளைக்கொடி மேடைக்கு வராது.

இரண்டு. கொழும்பு ஒப்பந்தத்தை மேடையில் வரி விடாமல் வாசிக்கவேண்டும். மலாய்க்காரருடைய வரியை இரண்டு தரம்.

மூன்று. நாடகம் முடிந்து நன்றியுரை சொல்கிறபோது, றெக்ஸைப் போகச் சொன்னது தான்தான் என்று நீக்கிலாப்பிள்ளை சபைக்கு முன்னால் சொல்லவேண்டும்.

அண்ணை என்று எழுதவில்லை. நிபந்தனைகளுக்கு ஓம் என்றால் சட்டைகள் வரும். சஜிதா வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவர் மாட்டேன் என்றால் என்று கேட்டாள். நாடகமே இல்லை என்றேன். அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மாட்டன் எண்டு சொல்லட்டும். சொல்லவேணும்.

16 ஏப்ரல், புதன்

பதில் இல்லை. சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் முகத்தைச் சுழித்துவிட்டுப் பாணைத் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

20 ஏப்ரல், உயிர்த்த ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் சனம் கைகொடுத்துக்கொண்டு நிற்கிறது. அண்ணை கோட்டுப் பையிலிருந்து இரண்டு தாள் எடுத்தார். என் நிபந்தனைகளைத் தன் கையெழுத்தில் அழகாகப் பிரதி பண்ணியிருக்கிறார். கீழே ஒப்பமும் வைத்திருக்கிறார். ஒரு சொல் மாற்றவில்லை. ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு என்றார்.

"வாசிச்சுப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"மூண்டாவதையும்?"

"ஓம் பிள்ளை. சொல்லுறன்."

பிறகு மைக்கலின் சட்டை உள்துணி தைத்தாயிற்றோ என்று கேட்டார்.

நான் வென்றுவிட்டேன். சந்தோசம் வரவேண்டும், வரவில்லை. அப்படியொரு கோபம் வந்தது. மனுசன் எண்டால் ஒரு ரோசம் வேண்டாமோ? ஒரு தரம் 'மாட்டன்' எண்டு சொன்னால் என்ன? ஒரு தரம், பதினாறு வருசத்தில ஒரே ஒரு தரம், 'பொய்' எண்டு கத்தினால் என்ன?

3 மே, சனி

சட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாருக்கும் அளவு சரி. கவர்னரின் சட்டைக்கு மட்டும் தோளில் பிடிக்கவேண்டியிருந்தது. மெலிந்துவிட்டார். குண்டூசி குத்துகிறபோது அசையாமல் நின்றார்.

17 மே, சனி

இந்தக் கொப்பியில் மார்ச் ஒன்பதாம் திகதி எழுதியது பொய்.

லைன் அறுந்தது எண்டு எழுதினன். அறுகேல்லை. அண்ணை போனை வாங்கிச் சொன்னது இதுதான்: "தம்பி, இஞ்ச குளிர்ல இருந்துகொண்டு நான் எப்பிடியடா சொல்லுறது? அங்கத்தை நிலமை உனக்குத்தான் தெரியும்." றெக்ஸ் கேட்டான், "அப்ப அக்காட்டைக் குடுங்கோ."

நான் பறிச்சனான். நான்தான் சொன்னனான். "போடா. அக்கா சொல்லுறன், போ. ஃபாதர்மாரும் கூட வருகினமாம், ஒண்டும் செய்யாங்கள். அம்மாவின்ர வெள்ளைச் சீலையில ஒரு துண்டு கிழிச்சுப் பிடிச்சுக்கொண்டு போ."

"சரி அக்கா" எண்டான். சின்னனிலையும் அப்பிடித்தான். நான் சொன்னால் கிணத்துக்குள்ளையும் இறங்குவான்.

பதினைந்து நாள் கழித்து முகாமிலிருந்து அம்மா எடுத்தா. முதல் கேள்வி, அவனுக்கு ஆர் சொன்னது? போனில் போகச் சொன்னார்கள் என்று மட்டும்தான் அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணை போனை வாங்கினார். "நான்தான் சின்னம்மா சொன்னனான்" என்றார். அம்மா அந்தப் பக்கம் அவரைச் சபித்த சபிப்பு எனக்கும் கேட்டது. பிறகு குசினிக்குள் வைத்து ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "சின்னம்மா உன்னோடதானே வந்து இருக்கப்போறா. உன்னோட கோவிச்சுக்கொண்டு எங்கை போய் இருக்கிறது? என்னோட கோவிக்கட்டும்."

முதல் வருடம் அழுதேன். இரண்டாம் வருடம் அம்மா வந்து அவரைத் திட்டுகிறபோது சும்மா இருந்தேன். மூன்றாம் வருடம் நானும் கூடத் திட்டினேன். திட்டத் திட்ட உண்மையாகவே போச்சுது. சில நாட்களில் அண்ணையின் குரலில்தான் எனக்கு அது கேட்கும்: போடா, நான் சொல்லுறன், போ. அவ்வளவு வடிவாக மாற்றிவைத்திருந்தேன்.

கோபப்பட எனக்கு ஒரு ஆள் வேண்டும். பஸ்ஸில் ஏற்றினவர்கள் எட்டாத தூரம். அண்ணை ரெண்டு தெரு தள்ளி இருந்தார்.

18 மே, ஞாயிறு

அண்ணைக்கு நானே எடுத்தேன். மூன்றாவது நிபந்தனை வேண்டாம் என்றேன். ஒப்பம் வைத்தாயிற்று என்றார். பொய்தானே அண்ணை என்றேன். "எனக்குப் பழகிட்டுது பிள்ளை. ஒருக்காச் சொல்லிப்போட்டு விடுவம்" என்றார்.

சஜிதாவுக்குச் சொல்லவேண்டும் என்று கதவு வரைக்கும் போனேன். தலைமுடி காயவைக்கிற மெசின் சத்தம். திரும்பி வந்துவிட்டேன்.

31 மே, சனி

ஜோன்-தலோன் பக்கத்துத் துணிக்கடைக்குப் போய் இரண்டு யார் வெள்ளைத் துணி வாங்கினேன். ஓரம் மடித்துத் தைத்தேன். முதலாவது நிபந்தனையை முறித்தது நான்.

14 ஜூன், சனி

எழுத்து கோணல்.

மண்டபம் நிறையச் சனம். நான் மேடைக்குப் பக்கத்து அறையில் குண்டூசியோடு நின்றேன். கொடியைக் கண்டதும் அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார், வாங்கிக்கொண்டு போனார். மேடையில் அது உயர்ந்தபோது முன்வரிசையில் இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு மனுசன் எழும்பி வெளியே போனார். சஜிதா ஒப்பந்தத்தை ஒரு பிழை இல்லாமல் வாசித்தாள். மலாய்க்காரருடைய வரியை இரண்டு தரம்.

நாடகம் முடிந்தது. அண்ணை கவர்னர் சட்டையோடு மைக்கைப் பிடித்தார். ஃபாதருக்கு நன்றி, ஒலி அமைத்தவருக்கு நன்றி. பிறகு தொண்டையைச் செருமினார். "இன்னொண்டு சொல்லவேணும். எங்கட தம்பி றெக்ஸ், 2009 ஆம் ஆண்டு..."

எப்படிப் போனேன் என்று தெரியாது. வாயில் குண்டூசி கவ்வியபடியே போயிருக்கிறேன், துப்பிவிட்டு மைக்கைப் பறித்தேன். அன்றைக்கும் அவர் கையிலிருந்து அப்படித்தான் பறித்தேன்.

"அண்ணை பொய் சொல்லப்போறார். என்ர தம்பியைப் போகச் சொன்னது நான். வெள்ளைத் துணி பிடிக்கச் சொன்னதும் நான்."

சனம் கைதட்டியது. நாடகத்தின் கடைசிக் காட்சி என்று நினைத்துவிட்டார்கள். யோகராணி அக்கா எழும்பி நின்று தட்டினா.

"இது நாடகம் இல்லை" என்றேன். றெக்ஸின் முழுப் பெயரையும் திகதியையும் சொல்லித் திரும்பச் சொன்னேன். அம்மாவிடம் பழியை ஏற்றது அண்ணை, இத்தனை வருடம் அவரைத் திட்டியது நான் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு ஒருத்தரும் தட்டவில்லை. மைக்கல் சிவப்புச் சட்டையோடு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சஜிதாவை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

மண்டபத்துக்கு வெளியே விறாந்தையில் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். கட்டிப்பிடித்து அழப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை. ஏசினார். நல்லா ஏசினார். அந்த மனுசனிடம் அவ்வளவு சத்தம் இருக்கிறது என்று இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது.

"இப்ப ஆருக்குச் சொல்லுறாய்? சின்னம்மா சாகக்கிடக்கேக்க உன்ர வீட்டு வாசல் வரைக்கும் வந்து நிண்டனான். நீ யன்னலால பாத்தனி. கதவு திறக்கேல்லை. அப்ப சொல்லியிருக்கலாம். அப்ப, அவவுக்குச் சொல்லியிருக்கலாம் நீ."

ஓம். பார்த்தேன். திறக்கவில்லை.

சட்டையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு உள்சட்டையோடு காருக்குப் போனார்.

15 ஜூன், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அந்தோனியார் தொலைந்ததைத் தேடித் தருகிறவராம். தொலைத்தவளையும் பார்த்திருப்பார்தானே.

17 ஜூன், செவ்வாய்

சஜிதா மூன்று நாளாகக் கதைக்கவில்லை. இன்றைக்குக் குசினி வாசலில் நின்று தமிழில் கேட்டாள், "அம்மம்மாக்குக் கடைசி வரைக்கும் தெரியாதோ?" தெரியாது என்றேன். "நீங்கள் நீக்கிலாஸ் மாமாவைத் திட்டேக்க நானும் சேந்து திட்டியிருக்கிறன்" என்றாள். அவளுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. அவளுக்கு என்மேல் கோபம். இருக்கட்டும். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறது.

24 ஜூன், சான்-ஜான் லீவு

தெருவில் கியூபெக்கின் நீலக்கொடியும் பாட்டும். நான் லாச்சியைத் திறந்து கிழிந்த படிவத்தை எடுத்தேன். சஜிதாவிடம் புதிதாக இரண்டு கேட்டேன். ஏன் இரண்டு என்று கேட்காமல் எடுத்துத் தந்தாள்.

புருவத்துத் தழும்பு வரைக்கும் இரண்டிலும் எல்லாம் பழையபடி. பதினான்காவது கேள்விக்கு: யோசெப்பின். அக்கா. போகச் சொன்னேன். சரி அக்கா என்றான். அவ்வளவுதான் எழுதினேன். பேனை அழுத்தவில்லை.

கீழே சாட்சிக்கு ஒரு கோடு இருந்தது. அதை வெறுமையாக விட்டேன். சஜிதா இரண்டு தாளையும் மடித்து எடுத்துக்கொண்டு அண்ணை வீட்டுக்கு நடந்து போனாள். பின்னேரம் வந்தாள். கையில் ஒரு தாள், அதில் சாட்சியின் கோட்டில் ஒப்பம் இருந்தது, ஈஸ்டர் அன்று வைத்த அதே எழுத்து.

என்ன சொன்னார் என்று கேட்டேன். முழுவதையும் இரண்டு தரம் வாசித்தாராம். ஒரு பிரதியைத் தான் வைத்துக்கொண்டாராம்.